கைப்பேசி எண்ணே வாசல்: வேண்டாதவர் உள்ளே வரும் வழிகளும் அடைக்கும் முறையும்

மலேசியாவில் செந்தூலிலோ பிறையிலோ ஏதாவது ஒரு தாமானில் (குடியிருப்பில்) குப்பை லாரி வரும் நாளில் வீட்டு வாசல்களைப் பாருங்கள். இணையத்தில் வாங்கிய பொருள் வந்த நெகிழிப் பை கிழிபட்டுக் கிடக்கும். அதில் ஒட்டிய சீட்டில் பெறுபவர் பெயர், வீட்டு எண், சாலை, கைப்பேசி எண் எல்லாம் அச்சாகியிருக்கும். சில விற்பனைத் தளங்கள் எண்ணின் நடுப்பகுதியை மறைத்து அச்சிடுகின்றன. எல்லாத் தளங்களும் அப்படிச் செய்வதில்லை. முழு எண் கிடைத்துவிட்டால் அதற்கு மேல் பெரிய வித்தை ஒன்றும் தேவையில்லை. எண்ணை வங்கிச் செயலியில், கைப்பேசி எண்ணுக்கே பணம் அனுப்பும் டூயிட்நவ் பக்கத்தில் தட்டினால், அது அங்கே பதிவாகியிருக்கும் பட்சத்தில், ஒரு சென் அனுப்பும் முன்பே வங்கியில் உள்ள பெயர் திரையில் வந்து நிற்கும். அதே எண்ணைச் சேமித்தால் வாட்ஸ்அப்பில் முகம் தெரியும். டெலிகிராமில் பயனர் பெயர் தெரியும். டிக்டாக், 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று தானாகவே காட்டிக் கொடுக்கும். இரண்டே நிமிட வேலை. யாரும் எந்தக் கணக்கையும் உடைக்கவில்லை.

வேண்டாத அழைப்பு, வேண்டாத செய்தி என்று யாராவது சொன்னால் நம்மிடையே உடனே வரும் பதில் 'பிளாக் பண்ணிடு' என்பதுதான். பிளாக் ஓர் எண்ணைத் தடுக்கும், ஆளைத் தடுக்காது. பத்து ரிங்கிட் அளவில் ஒரு முன்கட்டணச் சிம் வாங்கினால் அதே ஆள் மறுநாள் திரும்பி வந்துவிடுவார். பிளாக் செய்தது தவறில்லை. முதலில் செய்திருக்க வேண்டிய நாலைந்து வேலைகளைச் செய்யாமல் அதை மட்டும் செய்வதுதான் பிழை. உங்கள் எண் எத்தனை கதவுகளைத் திறக்கிறது என்று எண்ணிப் பார்த்து, அந்தக் கதவுகளை ஒவ்வொன்றாக எண்ணிலிருந்து பிரிப்பதே உண்மையான பாதுகாப்பு.

எண்ணையே இரகசியமாக வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். மலேசியாவில் அந்தக் காலம் கடந்துவிட்டது. 2017 அக்டோபரில் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரம் வெளியே கசிந்தது தெரியவந்தது. அப்போதைய மக்கள்தொகையைவிட அதிகம். பெயர், முகவரி, ஐசி (அடையாள அட்டை) எண், சிம் விவரம் எல்லாம் அந்தக் கோப்புகளில் இருந்தன. 2021 ஏப்ரலில் உலகம் முழுதும் 53 கோடி முகநூல் பயனர்களின் எண்கள் இலவசமாகக் கொட்டப்பட்டபோது, அதில் மலேசியக் கணக்குகள் மட்டும் 1 கோடியே 16 லட்சத்துக்கு மேல். ஆக, பல ஆண்டுகளாக ஒரே எண்ணை வைத்திருப்பவர், அது தெரியாதவர்களிடமும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

ஐசி எண்ணும் அப்படித்தான். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம் (07 பினாங்கு, 14 கோலாலம்பூர்), கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். பிறந்த தேதியைப் பின் (PIN) எண்ணாக வைத்திருப்பவர், ஐசியைக் காட்டும் ஒவ்வொரு இடத்திலும் பின் எண்ணையும் சேர்த்தே காட்டுகிறார். எந்தச் செயலியிலும் ஆறு இலக்கப் பின் எண் கேட்டால் பிறந்த தேதி, திருமண நாள், வண்டி எண் மூன்றையும் தவிர்த்துவிடுங்கள்.

முதலில் மின்னஞ்சல், பிறகுதான் மற்றவை

வேலையைத் தொடங்குமிடம் பெரும்பாலோர் நினைப்பதுபோல் வாட்ஸ்அப் அல்ல, மின்னஞ்சல். முகநூல், டிக்டாக், ஷாப்பி எதுவானாலும் 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்றால் புதுக் கடவுச்சொல்லுக்கான இணைப்பு மின்னஞ்சலுக்கே வருகிறது. மின்னஞ்சல் ஒருவர் கையில் இருந்தால் மற்றக் கணக்குகளை நீங்கள் எத்தனை முறை பூட்டினாலும் அவர் திறந்துகொண்டே இருப்பார்.

ஜிமெயில் வைத்திருப்பவர் கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பகுதிக்குப் போய், 'யுவர் டிவைசஸ்' பட்டியலை முதலில் பார்க்க வேண்டும். கொம்தார் கடையிலோ லோ யாட் கடையிலோ மூன்று ஆண்டுகளுக்கு முன் விற்ற பழைய கைப்பேசி இன்னும் அங்கே இருக்கலாம். பழைய அலுவலகக் கணினி இருக்கலாம். தெரியாத ஒவ்வொன்றையும் வெளியேற்றுங்கள். அடுத்து மீட்பு எண்ணும் மீட்பு மின்னஞ்சலும். அண்ணன் பிள்ளை கணக்குத் திறந்து கொடுத்தபோது தன் எண்ணையே போட்டிருப்பான். கணவன் மனைவி பிரிந்த பிறகும் பழைய துணையின் மின்னஞ்சல் அப்படியே இருக்கும். பிறகு, பலரும் தவறவிடும் ஓர் இடம்: கணினியில் ஜிமெயில் திறந்து, செட்டிங்ஸில் 'ஃபார்வர்டிங்' பக்கத்தையும் 'ஃபில்டர்ஸ்' பக்கத்தையும் பாருங்கள். ஒருமுறை உள்ளே நுழைந்தவர் அங்கே ஒரே ஒரு வரி போட்டுவைத்தால் போதும், கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் உங்களுக்கு வரும் ஒவ்வொரு கடிதத்தின் நகலும் அவருக்குப் போய்க்கொண்டிருக்கும். 'கடவுச்சொல் மாற்றியும் அவனுக்கு எல்லாம் தெரிகிறதே' என்ற புலம்பலுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதையெல்லாம் துடைத்த பிறகே கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். எங்கும் பயன்படுத்தாத ஒன்றாக இருக்கட்டும். தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்தால் நீளமாகவும் இருக்கும், மனத்திலும் நிற்கும். உரல், பேருந்து, நாவல்பழம், திங்கள், குடை என்பதுபோல. பழமொழியோ பாட்டு வரியோ வேண்டாம். அவை ஊகிக்கக்கூடியவை. கூடவே இரண்டடுக்குச் சரிபார்ப்பு. குறுஞ்செய்தியில் வரும் எண்ணைவிட, 30 விநாடிக்கு ஒருமுறை எண் மாறும் ஆத்தென்டிகேட்டர் செயலி மேல். அதைவிடவும், கைரேகையோ முகமோ காட்டி நுழையும் பாஸ்கீ மேல். குறுஞ்செய்தி எண்ணையும் செயலி எண்ணையும் யாரோ கேட்டால் நாம் வாயால் சொல்லிவிட முடியும். பாஸ்கீ உண்மையான தளத்தின் முகவரியோடு பிணைந்தது. போலித் தளத்தில் அது வேலையே செய்யாது, தொலைபேசியில் படித்துக் காட்டவும் அதில் ஒன்றுமில்லை. கூகுள் பத்துக் காப்பு எண்கள் தரும், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம். தாளில் எழுதி, வீட்டில் பிறப்புப் பத்திரங்கள் இருக்கும் உறையில் போட்டுவிடுங்கள். கைப்பேசியின் படத்தொகுப்பில் வேண்டாம்.

சிம் அட்டையைப் பற்றி இரண்டு சொல்ல வேண்டும். ஒன்று, 'இந்த எண்ணை அழுத்துங்கள், பார்சல் உறுதியாகிவிடும்' என்று யாராவது **21* என்று தொடங்கும் ஒன்றை அழுத்தச் சொன்னால், அது உங்களுக்கு வரும் அழைப்புகளை எல்லாம் வேறோர் எண்ணுக்குத் திருப்பும் கட்டளை. குரல்வழி வரும் சரிபார்ப்பு எண்ணும் அவருக்கே போகும். *#21# அழுத்தினால் திருப்பம் இருக்கிறதா என்று தெரியும். ##002# எல்லாத் திருப்பங்களையும் அழித்துவிடும். இரண்டு, முன்கட்டண எண்ணில் பணம் போடாமல் விட்டால் அது காலாவதியாகி, சில மாதங்களில் வேறொருவருக்கு விற்கப்படும். அவர் எந்தக் குற்றமும் செய்யாமலே உங்கள் பழைய கணக்குகளின் சரிபார்ப்பு எண்களைப் பெறத் தொடங்குவார். எண்ணை விடுவதற்கு முன் கூகுள், வங்கி, மின்பணப்பை, வாட்ஸ்அப், டெலிகிராம் எல்லாவற்றிலும் புது எண்ணை ஏற்றிவிட வேண்டும்.

வாட்ஸ்அப்பில் எங்கே ஓட்டை

புலனம் என்று நாம் எழுதுகிறோம், வாட்ஸ்அப் என்று பேசுகிறோம். கோயில் திருப்பணிக் குழு, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் குழு, தாமான் குழு, சொந்தக்காரர் குழு என்று மலேசியத் தமிழர் வாழ்க்கையில் பாதி அதற்குள்தான் நடக்கிறது. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

வாட்ஸ்அப் கணக்கைத் திறக்க உங்கள் எண்ணும், அந்த எண்ணுக்கு வரும் ஆறு இலக்கமும் போதும். திருடன் தன் கைப்பேசியில் உங்கள் எண்ணைப் போடுகிறான். ஆறு இலக்கம் உங்களுக்கு வருகிறது. அதை உங்களிடமிருந்து பெற வேண்டும், அதற்கு உங்களுக்குத் தெரிந்தவர் குரலே வசதி. ஏற்கெனவே பறிபோன ஒரு கணக்கிலிருந்து செய்தி வரும்: 'அக்கா, தப்பா உங்க நம்பருக்கு ஒரு கோட் அனுப்பிட்டேன். அவசரம்க்கா, கொஞ்சம் அனுப்புங்களேன்.' கோயில் குழுவில் தினமும் பார்க்கும் பெயர், அதே படம். அனுப்பிவிடுகிறோம். அடுத்த அரை மணி நேரத்தில் நம் பெயரில் நம் சொந்தக்காரர் எல்லாரிடமும் ஐந்நூறு ரிங்கிட் கேட்கப்படுகிறது.

இதை அடைக்கும் தாழ்ப்பாள் செட்டிங்ஸ், அக்கவுன்ட், 'டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்' என்ற இடத்தில் இருக்கிறது. நீங்களே ஓர் ஆறு இலக்கப் பின் எண் வைக்கிறீர்கள். குறுஞ்செய்தி எண் போனாலும் இது இல்லாமல் கணக்குத் திறக்காது. அங்கேயே மின்னஞ்சலையும் சேர்த்துவிடுங்கள், பின் எண் மறந்தால் மீட்க அதுதான் வழி. வீட்டில் அப்பா அம்மா கைப்பேசிகளிலும் இதை இன்றே செய்துவிட வேண்டும்.

கணக்கு ஏற்கெனவே போய்விட்டதா? பதறி எண்ணை மாற்றாதீர்கள். உங்கள் கைப்பேசியில் வாட்ஸ்அப்பை மீண்டும் நிறுவி, உங்கள் எண்ணைப் போட்டு, வரும் ஆறு இலக்கத்தைத் தட்டுங்கள். தட்டிய நொடியே திருடன் வெளியே தள்ளப்படுவான். அவன் பின் எண் வைத்திருந்தால் நீங்கள் உள்ளே போக 7 நாள் காத்திருக்க வேண்டிவரும். அந்த ஏழு நாளும் அவனாலும் உள்ளே வர முடியாது. இது தெரியாமல் பலர் 'எப்படியும் பின் எண் கேட்கிறது' என்று முயற்சியையே கைவிட்டு, திருடனை உள்ளேயே உட்கார வைத்துவிடுகிறார்கள்.

இரண்டாவது ஓட்டை இதைவிட நுட்பமானது. 'என் மகளின் ஓவியத்துக்கு ஓட்டுப் போடுங்கள்' என்று ஓர் இணைப்பு வரும். திறந்தால் கைப்பேசி எண் கேட்கும். போட்டதும் எட்டு எழுத்துள்ள ஒரு குறியீட்டைக் காட்டி, 'இதை வாட்ஸ்அப்பில் தட்டினால் ஓட்டு உறுதி' என்னும். உண்மையில் அது இன்னொரு கருவியை உங்கள் கணக்கோடு இணைக்கும் குறியீடு. கணக்கு உங்கள் கையிலேயே இருக்கும். எதுவும் மாறியதாகத் தெரியாது. ஆனால் வேறொருவர் கணினியில் உங்கள் உரையாடல்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். பின் எண் இதைத் தடுக்காது. செட்டிங்ஸில் 'லிங்க்ட் டிவைசஸ்' பட்டியலைப் பார்த்துத் தெரியாததை வெளியேற்றுவது ஒன்றே மருந்து. ஒரு கணக்கோடு நான்கு கருவிகள் வரை இணைக்க முடியும். வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஒருவர், நீங்கள் குளிக்கப் போன நேரத்தில் இதைச் செய்துவிடலாம் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

அடுத்தது குழுக்கள். செட்டிங்ஸ், பிரைவசி, 'குரூப்ஸ்' என்ற இடத்தில் யார் வேண்டுமானாலும் உங்களைக் குழுவில் சேர்க்கலாம் என்பதே தொடக்க நிலை. முதலீட்டுக் குழு, வேலைவாய்ப்புக் குழு என்று நள்ளிரவில் இழுத்துப் போடப்படுவது இதனால்தான். 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றினால் மற்றவர்கள் அழைப்பு இணைப்புத்தான் அனுப்ப முடியும். முகப்படம், கடைசியாக வந்த நேரம், 'அபவுட்' மூன்றையும் அங்கேயே அதேபோல் மாற்றலாம். 'கால்ஸ்' பகுதியில் 'சைலன்ஸ் அன்னோன் காலர்ஸ்' போட்டால் சேமிக்காத எண்ணின் வாட்ஸ்அப் அழைப்பு மணியடிக்காது, பட்டியலில் மட்டும் பதிவாகும். 'அட்வான்ஸ்ட்' பகுதியில், தெரியாத கணக்குகளிலிருந்து அளவுக்கு மீறி வந்து குவியும் செய்திகளைத் தடுக்கும் தெரிவும், அழைப்பின்போது ஐபி முகவரியை (இருக்கும் பகுதியைக் காட்டிக் கொடுக்கக்கூடிய இணைய எண்ணை) மறைக்கும் தெரிவும் உண்டு. இரண்டையும் போட்டுவிடுங்கள்.

சாதாரணத் தொலைபேசி அழைப்புகளையும் இப்படி ஓசையடக்கலாம். வீட்டில் யாராவது மருத்துவமனையில் இருந்தால் மட்டும் வேண்டாம். 03, 04 என்று தொடங்கும் வார்டுத் தொலைபேசி எண்ணை யாரும் சேமித்து வைப்பதில்லை.

பிளாக் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். தடுக்கப்பட்டவரின் செய்தி ஒற்றை டிக்கோடு நின்றுவிடும், அழைப்பு வந்து சேராது, உங்கள் ஸ்டேட்டஸ் தெரியாது. ஆனால் இருவரும் இருக்கும் பொதுக் குழுவில் நீங்கள் எழுதுவது அவருக்குத் தெரிந்துகொண்டே இருக்கும், அவர் எழுதுவது உங்களுக்கும். எண்ணை மாற்றினால் தப்பிக்கலாம் என்று வாட்ஸ்அப்பின் 'சேஞ்ச் நம்பர்' வழியாக மாற்றினால், பொதுக் குழுக்களில் 'இவர் எண்ணை மாற்றிவிட்டார்' என்று அறிவிப்பு விழும். யாருக்குத் தெரியக்கூடாதோ அவருக்கே புது எண் போய்ச் சேரும். ஆகவே முதலில் அந்தக் குழுக்களை விட்டு வெளியேறுங்கள், பிறகு எண்ணை மாற்றுங்கள். வெளியேறுவது நிர்வாகிக்கு மட்டுமே அறிவிக்கப்படும். ஆனாலும் கடந்த 60 நாளில் வெளியேறியவர் பட்டியலை உறுப்பினர்கள் பார்க்க முடியும்.

மற்றத் தளங்களை வேகமாகக் கடக்கலாம். டெலிகிராமில் 'போன் நம்பர்' தெரிவை 'நோபடி' என்று வைத்ததும் கீழே இன்னொரு கேள்வி முளைக்கும்: எண்ணை வைத்து உங்களை யார் கண்டுபிடிக்கலாம்? அதை 'மை கான்டாக்ட்ஸ்' ஆக்காவிட்டால் மேலே செய்தது பாதி வேலைதான். டிக்டாக்கில் 'சஜஸ்ட் யுவர் அக்கவுன்ட் டு அதர்ஸ்' என்ற இடத்தில் உள்ள நான்கு பொத்தான்களையும் அணையுங்கள், குறிப்பாக இணைப்பு அனுப்பியவர், திறந்தவர் என்ற பொத்தானை. புனைபெயரில் கணக்கு வைத்திருப்பவர் ஒரு காணொளி இணைப்பைக் குழுவில் பகிர்ந்து, அதன் வழியே அடையாளம் தெரிந்துபோவது அடிக்கடி நடக்கிறது. இன்ஸ்டகிராமில் பிளாக் செய்யும்போது, அவருடைய மற்றக் கணக்குகளையும் இனி திறக்கப்போகும் கணக்குகளையும் சேர்த்துத் தடுக்கும் தெரிவை எடுங்கள். பிளாக் செய்தால் ஆள் வெறிகொள்வார் என்ற அச்சம் இருந்தால் 'ரிஸ்ட்ரிக்ட்' இருக்கிறது. அவர் கருத்து அவருக்கு மட்டும் தெரியும், செய்தி தனிப் பெட்டிக்குள் போய்விடும், நீங்கள் படித்தீர்களா என்பது அவருக்குத் தெரியாது. முகநூலில் நண்பர் பட்டியலை மறைப்பது மிக அவசியம். மிரட்டிப் பணம் பறிப்பவர் முதலில் எடுத்து வைத்துக்கொள்வது அந்தப் பட்டியலைத்தான்.

டூயிட்நவ்வில் கைப்பேசி எண் பதிவை வங்கிச் செயலியிலேயே நீக்கலாம். பணம் தர வேண்டியவருக்குக் கணக்கு எண்ணையோ க்யூஆரையோ கொடுத்தால் போயிற்று. கார் விற்பனை, வாடகை வீடு, வரன் தேடும் விளம்பரம் ஆகியவற்றுக்கு ஓர் இரண்டாம் எண் வைத்துக்கொள்வது நல்ல முதலீடு. அதை வங்கியோடும் மின்னஞ்சலோடும் இணைக்க வேண்டாம், காலாவதியாகவும் விட வேண்டாம்.

தொந்தரவு செய்பவர் தெரிந்தவர் என்றால்

இங்கே வரிசை தலைகீழாக மாறுகிறது. முன்னாள் துணையோ உடன் வேலை செய்பவரோ தொடர்ந்து தொல்லை தருகிறார் என்றால், முதல் வேலை பூட்டுவது அல்ல, பதிவு செய்வது. பிளாக் செய்தபின் அவர் முகப்படமும் விவரமும் உங்கள் திரையிலிருந்து மறைந்துவிடலாம். அவரே செய்திகளை அழித்துவிடலாம். அதனால் தடுப்பதற்கு முன் உரையாடலை மேலிருந்து கீழ்வரை மெதுவாக உருட்டித் திரைக்காணொளி எடுங்கள். எண், தேதி, நேரம் தெரிய வேண்டும். பெயர் சேமித்திருந்தால் அதைத் தொட்டு உள்ளே உள்ள எண்ணையும் காட்டுங்கள். 'எக்ஸ்போர்ட் சாட்' மூலம் முழு உரையாடலையும் அவர் கைக்கு எட்டாத ஒரு மின்னஞ்சலுக்கு அனுப்பிவையுங்கள். சமூக ஊடகம் என்றால் கணக்கின் இணைப்பு முகவரி வேண்டும். பெயரை எவரும் மாற்றிக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் 'ரிப்போர்ட்' அழுத்தினால் அவர் அனுப்பிய கடைசி ஐந்து செய்திகள் நிறுவனத்துக்குப் போகும். அதைச் செய்யும்போது உரையாடலை அழிக்கும் தெரிவில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இருப்பிடப் பகிர்வு இன்னும் கவனமாகத் தொட வேண்டியது. கூகுள் மேப்ஸின் 'லொகேஷன் ஷேரிங்', ஐபோனில் 'சேஃப்டி செக்', காரிலோ பையிலோ வைத்த ஏர்டேக் என்ற இருப்பிடங்காட்டி ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள். ஆனால் கண்டதும் அணைத்துவிடாதீர்கள். அணைத்தது எதிராளிக்குத் தெரிந்துவிடலாம், ஆத்திரக்காரர் என்றால் அன்றிரவே வாசலுக்கு வரலாம். எங்கே தங்குவது, யார் உடன் இருப்பார் என்று முடிவான பிறகு அணையுங்கள். அதுவரை ஆலோசனையை அவர் கைபடாத வேறொரு கைப்பேசியிலிருந்து கேளுங்கள். அரசாங்க உதவி எண்ணான தாலியான் காசே 15999 எந்நேரமும் எடுக்கப்படும். கிள்ளான் பள்ளத்தாக்கில் டபிள்யூஏஓ, பினாங்கில் டபிள்யூசிசி ஆகிய மகளிர் அமைப்புகள் இப்படிப்பட்ட நிலையில் இருப்பவரோடு போலீஸ் நிலையம் வரை வந்த அனுபவம் உள்ளவை.

அந்தரங்கப் படத்தைக் காட்டி மிரட்டினால் பணம் கொடுக்கவே கூடாது. ஒருமுறை கொடுத்தவர் மறுமுறையும் கொடுப்பார் என்பதே அவர்கள் கணக்கு. ஸ்டாப்என்சிஐஐ என்ற தளம், படத்தை வாங்கிக்கொள்ளாமலே, உங்கள் கைப்பேசியிலேயே அதன் கைரேகை போன்ற ஒரு குறியீட்டை உண்டாக்கி, பங்கேற்கும் சமூகத் தளங்களுக்கு அனுப்புகிறது. 18 வயதுக்கு உட்பட்டவருக்கு இதேபோல் 'டேக் இட் டவுன்' இருக்கிறது.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்

2024 ஜூலையில் கோலாலம்பூரில் டிக்டாக்கில் இயங்கிவந்த ஓர் இந்தியப் பெண் இணையப் பகடிவதைக்குப் பின் உயிரை மாய்த்துக்கொண்டார். அதில் சம்பந்தப்பட்ட ஒருவருக்குக் கிடைத்த தண்டனை, 1955ஆம் ஆண்டின் சிறு குற்றச் சட்டப்படி, 100 ரிங்கிட் அபராதம். நம் சமூகம் கொதித்துப்போனது. அந்தக் கொதிப்பு வீண்போகவில்லை. தண்டனைச் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரை புதுப் பிரிவுகள் சேர்க்கப்பட்டு 2025 ஜூலை 11 முதல் நடப்புக்கு வந்தன. மிரட்டல், இழிசொல் மட்டுமல்ல, தொல்லை தரும் நோக்கில் ஒருவரின் அடையாள விவரங்களைப் பரப்புவதும் இப்போது குற்றம்.

அதற்கு முன்பே, 2023 மே 31 முதல் 507ஏ பிரிவு பின்தொடர்ந்து தொல்லை தருவதைக் குற்றமாக்கியிருந்தது. தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நேரில் பின்னால் வருவது மட்டுமல்ல, எந்த வழியிலும் தொடர்புகொள்ள முயல்வதும் பொருளை அனுப்புவதும் இதில் அடங்கும். குறைந்தது இருமுறை நடந்திருக்க வேண்டும். விசாரணை நடக்கும்போதே நீதிமன்றப் பாதுகாப்பு ஆணை கேட்க வழியுண்டு. தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு இன்னொரு ஆயுதம். பேச்சு நடந்தாலும் நடக்காவிட்டாலும், பெயரைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், தொல்லை தரும் நோக்கில் திரும்பத் திரும்ப அழைப்பதே அதன்படி குற்றம். 'மிஸ்டு கால்தானே' என்று யாராவது தட்டிக்கழித்தால் இதைச் சொல்லுங்கள். 2025 பிப்ரவரி 11 முதல் இதற்கான உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ஆகவும், சிறை இரண்டு ஆண்டாகவும் உயர்ந்துள்ளது.

சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவு வேறொரு காரணத்துக்காக நம்மைத் தொடுகிறது. 2012 முதல் நடப்பில் உள்ள இதன்படி, ஒரு கணக்கிலிருந்து ஒன்று வெளியானால் அந்தக் கணக்கின் உரிமையாளரே வெளியிட்டவர் என்று நீதிமன்றம் கொள்ளும், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது உரிமையாளர். கணக்கு பறிபோன அன்றே போலீஸ் புகார் செய்துவைப்பது உங்களைக் காக்கும் காகிதம்.

புகார் எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். போகும் முன் ஒரு தாளில் நாள்வாரியாக எழுதிக்கொள்ளுங்கள்: தேதி, நேரம், எந்த எண், என்ன செய்தார், எந்தப் படம் ஆதாரம். 'ரொம்பத் தொல்லை செய்கிறார்' என்ற வாக்கியம் புகாரில் எடுபடாது. 'இரவு 11.40 முதல் 12.15 வரை இந்த எண்ணிலிருந்து 14 அழைப்புகள், நான் எடுக்கவில்லை' என்பது எடுபடும். நிறுத்தச் சொல்லி ஒருமுறை, ஒரே ஒருமுறை, தெளிவாக எழுதி அனுப்பியிருந்தால் அதையும் காட்டுங்கள். அதன்பின் எந்தப் பதிலும் எழுதாதீர்கள். புகார் நகலையும் விசாரணை அதிகாரியின் பெயரையும் வாங்காமல் திரும்ப வேண்டாம். பதிவை நீக்கவேண்டும் என்றால் முதலில் அந்தத் தளத்திலும், அங்கே நடக்காவிட்டால் எம்சிஎம்சி எனப்படும் தொடர்பு, பல்லூடக ஆணையத்திலும் இணைப்பு முகவரியோடு முறையிடலாம். பணம் போய்விட்டது என்றால் 997க்கு உடனே அழையுங்கள். அது மோசடிக்கானது, தொல்லைப் புகார்களுக்கானது அல்ல.

கடன் வேண்டுமா, காப்புறுதி வேண்டுமா என்று நிறுவனங்கள் அழைப்பது தனிக் கதை. அதற்கு 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 43ஆம் பிரிவு. 'என் விவரத்தை நேரடி விற்பனைக்குப் பயன்படுத்த வேண்டாம்' என்று எழுத்து மூலம் தெரிவித்தால் அவர்கள் நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் போகலாம். வாயால் சொல்லிக் கத்துவதில் பயனில்லை, மின்னஞ்சல் அனுப்பி நகலை வைத்துக்கொள்ளுங்கள். அரசாங்க அலுவலகங்களுக்கும், தனி மனிதர் சொந்த விஷயமாக வைத்திருக்கும் எண்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது.

அந்தத் தனி மனிதர்களில் நாமும் இருக்கிறோம். ஒரு செயலி 'கான்டாக்ட்ஸ்' கேட்கும்போது சம்மதித்தால் நாம் கொடுப்பது நம் எண்ணை அல்ல, அத்தை, மாமா, மகளின் தோழி எல்லாருடைய எண்ணையும். 250 பேர் உள்ள பள்ளிக் குழுவில் ஒவ்வொரு தாயின் எண்ணும் மற்ற 249 குடும்பத்துக்கும் திறந்து கிடக்கிறது. நிர்வாகி அதை வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் அறிவிப்புக் குழுவாகவோ சேனலாகவோ மாற்றினால் உறுப்பினர் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாது. திருவிழா அறிவிப்பிலும், பதினாறாம் நாள் காரியத் துக்கச் செய்தியிலும் போடும் எண், வங்கியோடு இணையாத எண்ணாக இருக்கட்டும். காரியம் முடிந்ததும் முகநூலிலிருந்து அந்த அட்டையை எடுத்துவிடுங்கள்.